இருபத்தேழு தோசைகளும் ஒரு தட்டுவடை செட்டும்

மாலை ஏழு மணியைத் தாண்டியதும் சேலம், நாமக்கல் சமவெளியின் பெரும்பாலான வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரிக்கு என்ன?" கேட்பவர்கள் பலர், விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர். அந்த ஒருவரும் அநேகமாக அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருப்பார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்கிற முறையில், இந்தக் கேள்வியைச் சமையல் குறிப்புகளின் பக்கத்துக்குத் தள்ளிவிடாமல் பொருளாதாரப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

நம் பகுதியின் தொழில்களைச் சற்று எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் விசைத்தறி ஓடுகிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் நாடெங்கும் போகின்றன. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப் பண்ணைகள். இவற்றில் எதுவும் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிகிற வேலை அல்ல. தறிக்காரர் ஷிப்டு முடிந்து வருவார். லாரிக்காரர் நள்ளிரவில் வருவார், அல்லது நான்கு நாள் கழித்து வருவார். தனிப்பயிற்சி வகுப்பு முடிந்து பிள்ளைகள் எட்டரைக்கு வருவார்கள். தொழிலும் கடனும் பொதுவாக இருப்பதால், அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே உலையில் இன்னும் சாப்பிடும் வீடுகள் இங்கே கணிசமாக உண்டு. என் வீட்டிலேயே ஒன்பது பேர். ஆளும் அதிகம், ஓய்வும் குறைவு என்கிற இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இரவு உணவு ஒரு சிக்கலாகிறது.

இந்தச் சிக்கலுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை தோசை. மாவு குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது, கல்லைப் போட்டால் ஆயிற்று என்போம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது பேருக்கு ஆளுக்கு மூன்று தோசை என்றால் இருபத்தேழு. ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பத்து நான்கு நிமிடம் ஒருவர் அடுப்பின் முன் நின்றாக வேண்டும். இரண்டு கல் போட்டால் பாதியாகக் குறையும். ஆனால் சட்னியும், 'எனக்கு முறுகலாக', 'எனக்கு வெங்காயம் போட்டு' என்னும் தனித்தனி விண்ணப்பங்களும் அந்தப் பாதியைத் திரும்பத் தின்றுவிடும். நான்கு பேருள்ள வீட்டில் தோசை விரைவு உணவு. ஒன்பது பேருள்ள வீட்டில் அது விரைவு உணவே அல்ல. ஆள் ஒன்று கூடினால் ஆறு நிமிடம் கூடுகிறது. இருபதாவது தோசைக்கும் முதல் தோசைக்கு ஆன அதே நேரம்தான் ஆகிறது. பாடப் புத்தக மொழியில் சொன்னால், இறுதிநிலைச் செலவு குறைவதே இல்லை. சுடச்சுட உண்ண வேண்டிய பண்டம் என்பதால் முன்கூட்டிச் செய்து வைக்கவும் இயலாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சுடுபவர் கடைசியில்தான் உண்பார். அப்போது அவருக்கு மிஞ்சுவது கிண்ணத்தின் அடியிலுள்ள சட்னியும், ஆறிப்போன ஆர்வமும்.

தோசை அன்றாட உணவாக ஆனதே அண்மையில்தான். எங்கள் சிறு வயதில் இந்தப் பக்கத்து வேளாண் குடும்பங்களில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல், விருந்தாளி வரும் நாள்களுக்கு உரியவை. மற்ற நாள்களில் ராகிக் களியும் கம்பஞ்சோறும்தான். காரணம் எளிது: ஆட்டுக்கல்லில் மாவரைக்க ஒரு பெண்ணின் அரை நாள் போய்விடும். 1950களில் கோவையில் உருவான மின் மாவரைப்பான் அந்த அரை நாளைச் சில நிமிடங்களாகச் சுருக்கியது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியையும் கிரைண்டரையும் வழங்கியபோது ஏழை வீடுகளுக்கும் அந்த வசதி வந்தது. அது நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரைக்கும் நேரம் மிச்சமானதும் நாம் செய்த காரியம், விருந்து நாள் உணவை அன்றாட உணவாக்கியதுதான். மிச்சமான நேரம் அடுப்படியிலேயே செலவாகிவிட்டது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்னும் நூலின் வாதமும் ஏறத்தாழ இதுவே. வீட்டுக்கு இயந்திரங்கள் வந்தன. ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் மறைந்தன. தாயின் வேலை மட்டும் குறையவில்லை, ஏனெனில் எதிர்பார்ப்பு உயர்ந்துவிட்டது.

பொருளியலாளர் கேரி பெக்கர் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில், 1992இல், நோபல் பரிசு பெற்றவர் அவர். குடும்பம் என்பது வெறும் நுகர்வோர் கூட்டமன்று, அது ஒரு சிறு தொழிற்சாலை என்பது அந்தக் கட்டுரையின் மையக் கருத்து. கடையில் வாங்கும் பொருளோடு வீட்டாரின் நேரத்தையும் சேர்த்துத்தான் 'இரவு உணவு' என்னும் பண்டம் உற்பத்தியாகிறது. எனவே ஓர் உணவின் விலையென்பது அரிசி, பருப்பு, எரிவாயு ஆகியவற்றின் விலை மட்டுமன்று. அதில் செலவாகும் நேரத்தின் விலையும் சேர்ந்ததே. நேரத்துக்கு விலை இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைப்பதற்குக் காரணம், அந்த நேரம் தங்களுடையதாக இல்லாமல் இருப்பதே.

அது யாருடைய நேரம் என்பதற்குப் புள்ளிவிவரம் உண்டு. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஆண்களின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்திருக்கிறது. பெண்ணுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை ஆண் தன் தோளில் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்.

அப்படியென்றால் அந்த வேலையைக் கடையிடம் விட்டுவிடலாமே என்பது இளைய தலைமுறையின் விடை. கைப்பேசியில் தொட்டால் அரை மணி நேரத்தில் பர்கர் வந்துவிடுகிறது. சேலம் ஐந்து ரோடு பக்கம் மட்டுமன்று, இன்று வட்டத் தலைநகரங்களில்கூடப் பர்கர் கிடைக்கிறது. 2023-24ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியக் குடும்பம் தன் மாதச் செலவில் 11 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவுகள் ஆகியவற்றுக்குச் செலவிடுகிறது. ஊரகத்தில் இது ஏறத்தாழ 10 சதவீதம். உணவுச் செலவின் பிரிவுகளில் இதுவே மிகப் பெரியது; தானியங்களையும் காய்கறியையும் முந்திவிட்டது. ஒரு பர்கர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் கொண்ட வீட்டில் வாரம் இருமுறை என்றால் மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். தறிப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு இது விடையாகாது.

ஆயினும் பர்கரை இகழ்ந்து ஒதுக்க நான் தயாரில்லை. அதில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் விச்சிட்டா நகரத்தில் 1921இல் தொடங்கிய ஒயிட் காசில் கடை ஐந்து சென்டுக்குச் சிறு பர்கர் விற்றது. 1948இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் உணவகத்தை மூடி, பண்டங்களின் பட்டியலை ஒன்பதாகச் சுருக்கி, சமையலறையையே புதிதாக வடிவமைத்துத் திறந்தார்கள். ஒருவர் இறைச்சியை வாட்டுவார், ஒருவர் பன்னில் சாந்து தடவுவார், ஒருவர் பொதிவார். பதினைந்து சென்டுக்கு பர்கர். கார் தொழிற்சாலையின் கோர்ப்பு வரிசை சமையலறைக்குள் நுழைந்த இடம் அது. பர்கரின் வெற்றி அதன் சுவையில் இல்லை என்பேன் (சுவைத்துப் பார்த்தபின்தான் சொல்கிறேன்). பாகங்களை முன்கூட்டிச் செய்து வைத்து, கடைசி நிமிடத்தில் கோக்கும் முறையில் இருக்கிறது. சமைப்பதும் கோப்பதும் வெவ்வேறு வேலைகள் என்று பிரித்ததே அதன் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு தோசையும் தனித்தனியே சமைக்கப்பட வேண்டும். பர்கர் கோக்கப்பட்டால் போதும்.

உலகெங்கும் ஒரே மாதிரியாகக் கோக்கப்படுவதால்தான் 'தி எகனாமிஸ்ட்' இதழ் 1986இல் பிக் மேக் குறியீட்டை உருவாக்கி, நாடுகளின் நாணய மதிப்பை பர்கர் விலை கொண்டு அளந்தது. இந்தியாவில் மாட்டிறைச்சி பர்கரை அந்நிறுவனம் விற்பதில்லை என்பதால் கோழி இறைச்சியிலான மகாராஜா மேக்கைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர், "ஐயா, அப்போ நம்ம ஊருக்குத் தட்டுவடை செட்டை வைச்சுக் கணக்குப் போடலாமே" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கு அது சிரிக்க வேண்டிய யோசனையாகத் தோன்றவில்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிற மாவட்டங்களில் தட்டை, தட்டடை என்று அழைக்கப்படும் பண்டம் எங்களுக்குத் தட்டுவடை. சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என எந்தப் பக்கம் போனாலும் மாலையில் தள்ளுவண்டியில் 'செட்' கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கும் சிறு தட்டுவடை ஒன்றின் மேல் காரச் சட்னியும் புதினா மல்லிச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம் வைத்து, மற்றொரு தட்டுவடையால் மூடினால் ஒரு செட். கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் பச்சைக் காயும் சாந்தும். வடிவத்தில் இது பர்கர்தான். முறையிலும் பர்கர்தான். வண்டிக்காரர் எதையும் அங்கே சமைப்பதில்லை. முன்கூட்டிச் சுட்ட தட்டுவடை, அரைத்து வைத்த சட்னி, துருவி வைத்த காய். ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேர் சூழ்ந்து நின்றாலும், தட்டில் கீழ்வடைகளை வரிசையாகப் பரப்பி, ஒரே இழுப்பில் சட்னியைத் தடவி, ஒரே தூவலில் காயைப் போட்டு, மூடிக் கொடுத்துவிடுகிறார். எந்த மேலாண்மைக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த முறையை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் நான் சொல்ல வந்தது. எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகச் செவ்வாயும் வெள்ளியும் 'செட்' நாள்கள். செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தட்டுவடை சுட்டுவிட வேண்டும். நான்கு பங்கு அரிசி மாவுக்கு அரைப் பங்கு வறுத்தரைத்த உளுத்த மாவு, அரைப் பங்கு பொட்டுக்கடலை மாவு. ஊறிய கடலைப் பருப்பு ஒரு கை. பூண்டும் மிளகாயும் இடித்தது, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. இரண்டு கரண்டி சுட்ட எண்ணெய். கெட்டியாகப் பிசைந்து, சிறு நெல்லிக்காய் அளவு உருட்டி, வெள்ளைத் துணியில் தட்டிச் சற்றே உலர விட்டு, மிதமான தீயில் பொரிக்க வேண்டும். தட்டியதும் நடுவில் இரண்டு மூன்று துளை குத்திவிட்டால் பூரிபோல் உப்பாது. உப்பிய வடையில் சட்னி நிற்காது. காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். இவ்வளவும் இயலாத வீட்டார் தயங்காமல் தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்; நம்மூரில் அதற்கா பஞ்சம்?

சட்னி இரண்டும் முந்தைய நாள் இரவே அரைத்து வைக்கலாம். காரச் சட்னிக்குக் காய்ந்த மிளகாய், பூண்டு, தக்காளி, துளி புளி. வதக்கி அரைத்தால் மூன்று நாள் தாங்கும். பச்சைச் சட்னி ஒரு நாள்தான் தாங்கும். காய் துருவுவது மட்டுமே அன்றைய வேலை. துருவிய காயில் உப்பையும் எலுமிச்சையையும் உண்ணும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் பீட்ரூட் நீர்விட்டு, தட்டுவடை ஊறி, மொத்த ஏற்பாடும் கெடும். சட்னியும் வடை நனையும் அளவுக்கு நீர்த்திருக்கக் கூடாது.

அதன் பிறகு நடப்பதுதான் முக்கியம். டப்பாவும் கிண்ணங்களும் கூடத்தின் நடுவே வைக்கப்படும். அவரவர் செட்டை அவரவரே கோத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று செட் என்றால் மீண்டும் அதே இருபத்தேழு. ஆனால் இப்போது பதினெட்டுக் கைகள் வேலை செய்கின்றன. ஐந்து நிமிடம் ஆவதில்லை. காரம் வேண்டாதவர் காரத்தை விடுகிறார், வெங்காயம் பிடிக்காதவர் வெங்காயத்தை விடுகிறார், விண்ணப்பங்களுக்கு இடமில்லை. எட்டு வயதுப் பேரன் தன் செட்டைக் கோத்து, "அப்பாரு, இது நாலு மாடி" என்று காட்டுகிறான். வங்கிப் பணியிலிருந்து வரும் மருமகள் எல்லோரோடும் அமர்ந்து, எல்லோரும் தொடங்கும்போதே தொடங்குகிறார். பட்டறையிலிருந்து பத்து மணிக்கு வரும் மகனுக்காக யாரும் மீண்டும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. கோக்கப்படாத வரையில் எதுவும் கெடாது, ஆறாது, காத்திருக்கும்.

இது வெறும் சிற்றுண்டிதானே, இரவு உணவாகுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தட்டுவடை மட்டும் என்றால் ஆகாது. அரிசி மாவும் எண்ணெயும் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை வளர்க்காது. இங்கேதான் நாமக்கல் கைகொடுக்கிறது.

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கென நாள்தோறும் அறிவிக்கும் விலை, தங்கம் விலைபோல நாளிதழில் தனிச் செய்தியாக வரும் மாவட்டம் இது. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இரண்டு முட்டை அதில் கால் பங்கைத் தந்துவிடும். ஒன்பது பேருக்குப் பதினெட்டு முட்டையை ஒரே பாத்திரத்தில் வேகவைக்க ஆகும் நேரம், இரண்டு முட்டையை வேகவைக்க ஆகும் நேரத்தைவிடச் சிறிதளவே கூடுதல். தோசைக் கணக்குக்கு நேர்மாறு. வெந்த முட்டையை வட்டமாக அரிந்து செட்டின் நடுவே வைக்கலாம். அல்லது சேலத்து வண்டிகளில் கிடைக்கும் 'முட்டை நொறுக்கல்' போலத் தட்டுவடையைக் கையால் நொறுக்கி, முட்டை, சட்னி, வெங்காயம் சேர்த்துக் கிளறிக்கொள்ளலாம். பக்கத்துக் கரூரில் பொரியும் தட்டுவடையும் கலந்து 'முட்டைக் கரம்' என்பார்கள். எது மேலானது என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இரு ஊரிலும் உறவினர் உண்டு.

முட்டை உண்ணாதவர்களுக்கும், வெள்ளிக்கிழமைக்கும், புரட்டாசிக்கும் கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். (புரட்டாசியில் நாமக்கல் முட்டை விலை சரிவதைக் காட்டித்தான் தேவைக் கோடு இடம்பெயர்வதை நான் நடத்துவேன், இங்கிலாந்துக்காரர் எழுதிய பாடநூலின் எடுத்துக்காட்டைவிட மாணவர்களுக்கு அது விரைவில் விளங்கும்.) சுண்டலில் இரும்புச் சத்து உண்டு, மேலே பிழியும் எலுமிச்சை, அந்த இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு. இதற்குக் காரணங்கள் பல. கடைசியில் உண்பவருக்குக் குறைவாகவே எஞ்சும் என்பதை அந்தக் காரணங்களிலிருந்து ஒதுக்கிவிட முடியாது. ஒரு மாநிலத்தின் ஊட்டச்சத்துப் புள்ளிவிவரத்துக்கும் இருபத்தேழாவது தோசைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை.

பொரித்த பண்டம் என்பதை நான் மறைக்கவில்லை. வாரம் இரண்டு நாள், ஆளுக்கு மூன்று செட் என்ற வரம்பு அதற்காகவே. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சக் கூடாது. அதில் உருவாகும் துருவச் சேர்மங்கள் மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் உணவுக்கு உதவாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரையறுத்துள்ளது. அதை அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் புகைந்தால் அதுவே அளவுகோல். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள் என 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அத்தகையோர் வீட்டில் ஒரு செட்டைக் குறைத்து ஒரு கரண்டிச் சுண்டலைக் கூட்டிக்கொள்வது நல்லது. நானும் என் மனைவியும் அவ்வாறே செய்கிறோம்.

பிள்ளைகளுக்கு பன்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு, எண்ணெயும் குறையும். எங்கள் பக்கத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசி ஆலைக்குப் போவது போக வீட்டுக்கும் வரும். தோலைச் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு சார்ந்த நச்சுப்பொருளை நீக்க இது தேவை. பாட்டிமார் காரணம் அறியாமலே செய்துவந்தது. மசித்த கிழங்கில் வெங்காயம், சோம்பு, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை மாவு சேர்த்து வடைபோல் தட்டி, தோசைக் கல்லில் ஒரே தடவையில் எட்டு ஒன்பது போட்டு, இருபுறமும் சிவக்க விட வேண்டும். கல் ஒன்றுதான், ஆனால் தோசைபோல் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. தெருமுனை பேக்கரியின் பன்னை இரண்டாகப் பிளந்து அதே கல்லில் வாட்டி, அதே இரண்டு சட்னி, அதே துருவல், மேலே ஒரு முட்டை. வேலை மொத்தம் நாற்பது நிமிடம். அதில் இருபத்தைந்து நிமிடம் கிழங்கு தானே வேகும் நேரம். பன் மைதாவில் ஆனது என்ற குறை இருக்கிறது. மாதம் இருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு வராமல் இல்லை. சமைப்பவர்களிடமிருந்தன்று, உண்பவர்களிடமிருந்து வந்தது. "ராத்திரியில ஒரு வாய் சோறு இல்லைன்னா தூக்கம் வருமா?" என்றார் வீட்டின் மூத்தவர் ஒருவர். அவருக்கு மதியச் சோறும் ரசமும் எப்போதும் போல எடுத்து வைக்கப்பட்டன. மூன்றாவது வாரம் அவரே தட்டுவடை டப்பாவைத் தேடினார். உண்மையான தடை சுவை பற்றியதன்று. தட்டில் வந்து விழுவதே உபசரிப்பு என்றும், தானே எடுத்துப் போட்டுக்கொள்வது மதிப்புக் குறைவு என்றும் நம்மில், குறிப்பாக என் வயது ஆண்களில், பலர் கருதுகிறோம். தள்ளுவண்டி அருகே நின்றுகொண்டு காகிதத் தட்டை ஏந்திச் சாப்பிட அதே ஆண்களுக்கு எந்தத் தயக்கமும் இருப்பதில்லை.

தள்ளுவண்டிக்காரர்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நகரத்தின் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மாலைச் சமையலின் பாரத்தைக் குறைப்பவர்கள் அவர்கள். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழு அமைத்து அவர்களுக்கு இடமும் சான்றும் தர வேண்டும் என்கிறது. அந்த இடத்தில் குடிநீர்க் குழாயும் கை கழுவும் வசதியும் இருந்தால் நாம் அஞ்சாமல் வாங்கி உண்ணலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்பதைப் பார்க்கிறோம். செட்டுக்கான சிறு தட்டுவடையை ஆண்டு முழுவதும் நல்ல எண்ணெயில் சுட்டு, நாள் குறித்து, கிலோக் கணக்கில் வீடுகளுக்குத் தர அவர்களால் முடியும். தேவை ஆண்டு முழுவதும் இருக்கிறது. தீபாவளிக்கு மட்டும் ஏன் அடுப்பு எரிய வேண்டும்?

எங்கள் வீட்டில் இப்போது மீதமிருக்கும் வழக்கு பாத்திரம் துலக்குவது பற்றியது. செட் நாளில் ஒன்பது தட்டு, நான்கு கிண்ணம், ஒரு துருவி; வாணலி இல்லை, தோசைக் கல் இல்லை. துருவியை உடனே நீரில் போடாவிட்டால் பீட்ரூட் கறை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை துலக்குவது என் முறை.